கடல் எடுத்துக் கொடுக்கும் கற்கள்: வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்துச் சார்மத் கடற்கரையில் சிறுவர்கள் புதைபடிவம் பொறுக்குவதைப் பற்றி இப்பகுதியில் முன்பு ஒரு பதிலின் நடுவே நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இளம் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் எழுதியவை. நிலவியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட மகிழ்ச்சியான தபால் வேறில்லை. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்களுக்கு ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். பிப்ரவரி விடுமுறையில் சார்மத்துக்கு அழைத்துப் போக எண்ணுகிறோம். கணவருக்கும் எனக்கும் பாறைகளைப் பற்றி எதுவும் தெரியாது. எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்குமா? – வாசகி, ஹேரோ, லண்டன்

கிடைக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாதமும் மிக நல்ல மாதம்.

சார்மத்தின் கரையோரம் நிற்கும் பாறைச்சுவர், ஏறத்தாழ 19 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்த சேறு. கருஞ்சாம்பல் நிறமான அந்தக் களிப்பாறை, பெயருக்குத்தான் பாறை. ஈரம் ஊறிய இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். குளிர்கால மழை மேலிருந்து ஊறி இறங்க, புயல் அலை அடியை அரிக்க, சுவர் பெயர்ந்து கரையில் சரிகிறது. அதன்பின் கடல் செய்வது, நம் வீடுகளில் அரிசி அரிக்கும் வேலைதான். சேறு நீரோடு கரைந்து போய்விடுகிறது. கனமும் கெட்டியுமானவை மட்டும், அரிசிப் பாத்திரத்தின் அடியில் கல் தங்குவதைப் போல, கூழாங்கற்களுக்கு நடுவே தங்கிவிடுகின்றன. கோடையில் ஆயிரக்கணக்கானோர் பொறுக்கிவிட்டுப் போன கரையைவிட, புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் இருக்கும் கரை பத்து மடங்கு வளமானது.

போனவுடன் கடற்கரைக்கு இறங்கிவிடாமல், கரையை ஒட்டிப் பழைய சிமென்ட் ஆலைக் கட்டடத்தில் இயங்கும் சார்மத் மரபுக் கடற்கரை மையத்துக்குள் அரை மணி நேரம் செலவிடுங்கள். அங்கே கிடைக்கக்கூடியவற்றைக் கண்ணால் பார்த்து, பிள்ளைகளின் மனத்தில் அந்த வடிவங்கள் பதிந்த பிறகு வெளியே வந்தால், தேடல் பாதி முடிந்த மாதிரி. அம்மையத்தார் வழிகாட்டியுடன் நடைகளும் நடத்துகிறார்கள். விடுமுறை நாள்களில் இடம் கிடைப்பது அரிது என்பதால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

கரையில் நடந்துகொண்டே தேடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. பெரிய கற்களுக்கு இடையே பொடிக்கற்கள் ஒதுங்கியிருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்து, ஒரு பாய் அகலத்துக்கு மேல் நகராமல், முழந்தாளிட்டுப் பாருங்கள். சென்ற குளிர்காலத்தில் ஆறு வயதுப் பேத்தியோடு நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். முதல் அரை மணியில் அவள் பொறுக்கியவை எல்லாம் வெறும் பளபளப்புக் கற்கள். பிறகு இரண்டு கருங்கூழாங்கற்களின் இடுக்கில், கொண்டைக்கடலை அளவில், பித்தளை நிறத்தில் ஒரு சுருளை நகத்தால் நிமிண்டி எடுத்தாள். ஈரத்தைத் துடைத்தபோது அதன் விளிம்பில் சீப்புப் பல்லைப் போல வரிவரியாக வரம்புகள் தெரிந்தன. அது ஓர் அம்மோனைட். கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் ஓடு அது. ஓடு இருந்த இடத்தைப் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் நிரப்பிக்கொண்டதால் பித்தளை போல மின்னுகிறது. ஒன்றைக் கண்ட கண் அடுத்ததைத் தானே கண்டுபிடிக்கும். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் மூன்று எடுத்தாள்.

கேள்வி: மகன் குடும்பத்தோடு என்னையும் வரச் சொல்கிறான். பாறை விழும், கடல் ஏறி வழியை மறித்துவிடும் என்றெல்லாம் கேள்விப்படுகிறேன். பேரப்பிள்ளைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. – வாசகி, ஈஸ்ட் ஹாம்

உங்கள் பயம் தேவையான பயம், அம்மா. குடும்பத்தில் ஒருவர் அந்தப் பயத்தை விடாமல் வைத்திருப்பது நல்லது.

புதைபடிவங்களை நமக்குத் தருவதே சரிவுதான் என்பதால், அவை மிகுந்த கரை எப்போதும் ஆபத்தான கரையாகவே இருக்கும். 2008 மே மாதத்தில் பக்கத்து ஊரான லைம் ரீஜிஸுக்கும் சார்மத்துக்கும் இடையே ஏறத்தாழ 400 மீட்டர் நீளத்துக்குக் கரை ஒரேயடியாகச் சரிந்தது. 2012 ஜூலையில், சில மைல் கிழக்கே பர்ட்டன் பிராட்ஸ்டாக்கில், கோடை நாளொன்றில், பாறை விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். பாறைச்சுவரின் அடியில் நல்லது கிடைக்கும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். உண்மையில் அலை அரித்துக் கழுவிய பொருள் கிடப்பது கடலை ஒட்டிய பக்கம்தான். ஆகவே சுவரைவிட்டு விலகி நிற்பதால் ஒன்றும் இழக்கப்போவதில்லை என்பதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கடலைப் பார்த்த முகமாக உட்கார்ந்து தேடுகிறவர்கள் அவ்வப்போது நிமிர்ந்து பின்னால் சுவரையும் பார்க்க வேண்டும். பொடிக்கல் உதிரும் சத்தம் கேட்டால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிட வேண்டும்.

சரிந்த சேறு நாக்கு நாக்காகக் கரைவரை நீண்டு கிடக்கும். மேலே காய்ந்து வெடித்தாற்போலத் தோன்றினாலும் உள்ளே கூழாக இருக்கும். பெரியவர்களே முழங்கால்வரை புதைந்து, வெளியே எடுக்க ஆள் தேடிய சம்பவங்கள் உண்டு. அதைக் கடக்க முயலாமல் திரும்பிவிடுங்கள்.

கடலின் ஏற்றவற்றத்தைப் பொறுத்தவரை விதி ஒன்றுதான்: நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது இறங்கி, முழுவதும் வற்றி மீண்டும் ஏறத் தொடங்கும் வேளையில் திரும்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதால், சென்ற வாரம் போய்வந்தவர் சொன்ன நேரத்தை நம்பக் கூடாது. அன்றைய அட்டவணையைப் பாருங்கள். அச்சிட்ட அட்டவணைகள் சில கிரீனிச் நேரத்தில் இருக்கும். கோடைக்காலத்தில் அவற்றோடு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். சார்மத்திலிருந்து லைம் ரீஜிஸுக்குக் கரைவழியே நடந்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால், பிள்ளைகளோடு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். இடையிலுள்ள பிளாக் வென் சரிவின் அடியில், ஏற்றத்தின்போது ஒதுங்கி நிற்க இடமே இருக்காது.

நீங்கள் தாராளமாகப் போய் வரலாம். ஒரு மடக்கு நாற்காலி, சுடச்சுடத் தேநீர், கையில் அட்டவணை. நேரம் பார்த்துக் குரல் கொடுக்கும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுத்தியல் வாங்க வேண்டுமா? – வாசகர், ரீடிங்

வேண்டாம். முதல் பயணத்துக்குக் கண்ணும் ஒரு பையும் போதும். நான் பார்த்தவரை, சுத்தியலோடு வரும் சிறுவர்கள் தேடுவதை விட்டுவிட்டு உடைப்பதில் இறங்கிவிடுகிறார்கள். தச்சுவேலைச் சுத்தியலை எந்தக் காரணம் கொண்டும் எடுத்துச் செல்லாதீர்கள். கல்லில் பட்டால் அதன் முகப்பே சில்லாகத் தெறித்துக் கண்ணில் பாயும். பழக்கம் வந்த பிறகு, சாம்பல் நிற உருண்டைச் சுண்ணாம்புக்கற்களை உடைத்துப் பார்க்க விரும்பினால், அதற்கென்றே செய்த நிலவியல் சுத்தியலும் கண் கவசமும் வாங்கிக்கொள்ளலாம். பாறைச்சுவரில் மட்டும் அதை ஒருபோதும் ஓங்கக் கூடாது.

கேள்வி: போன மாதம் ஒரு வாளி நிறையக் கல் பொறுக்கி வந்தோம். எது புதைபடிவம், எது வெறும் கல் என்று எப்படிப் பிரிப்பது? – வாசகி, மில்டன் கீன்ஸ்

உயிர் இருந்த பொருளில் ஒழுங்கு இருக்கும். வரம்புகள் சம இடைவெளியில் வரும், இருபக்கமும் ஒத்திருக்கும், சுருள் சீராக விரியும். கல்லின் அழகு தாறுமாறானது. இதை மனத்தில் வைத்து வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

விரல் தடிமனில், துப்பாக்கிக் குண்டைப் போல ஒரு முனை கூரான, பழுப்பும் சாம்பலும் கலந்த உருளைகள் பல உங்களிடம் நிச்சயம் இருக்கும். அவை பெலெம்னைட்டுகள். கணவாயைப் போன்ற ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி அது. நம் கடற்கரைகளில் வெள்ளையாக ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கடல்நுரை என்று சித்த மருந்துக் கடைகளில் விற்பார்களே, அதற்குத் தூரத்து உறவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். உடைந்த முனையைப் பாருங்கள்: நடுப்புள்ளியிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல் கோடுகள் ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

ஐந்து முனை நட்சத்திர வடிவில், நகத்தைவிடச் சிறிய துண்டுகள் இருந்தால் அவை கடல் அல்லியின் தண்டுத் துணுக்குகள். பெயர் அல்லி என்றாலும் அது தாவரமன்று. நட்சத்திர மீனின் இனம்.

கேரம் காயைப் போல வட்டமாக, கறுப்பாக, இரண்டு முகமும் உட்குழிந்த கல் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். இக்தியோசார் என்னும் கடல்வாழ் ஊர்வனவற்றின் முதுகெலும்புக் கண்ணி அப்படித்தான் இருக்கும். ஓரத்தைக் கைக்கண்ணாடியால் பார்த்தால் எலும்புக்கே உரிய நுண்துளைகள், ரொட்டித் துண்டை வெட்டிப் பார்த்தாற்போலத் தெரியும்.

மரநார்போல வரிவரியாக இருக்கும் பழுப்புக் கல்லை மரம் என்றோ எலும்பு என்றோ பலர் நினைத்துவிடுகிறார்கள். அது நார்வடிவான கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம். அதன் தோற்றத்தால் அங்குள்ளவர்கள் மாட்டிறைச்சி என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வடிவமற்ற பித்தளை நிறக் கட்டிகளும் வெறும் பைரைட்தான். சந்தேகமானவற்றை அடுத்த முறை மையத்துக்கே எடுத்துச் செல்லுங்கள், பார்த்துச் சொல்வார்கள்.

கேள்வி: எனக்கு எட்டு வயது. அங்கே டைனோசர் கிடைக்குமா? – வாசகி, லெஸ்டர்

பாப்பா, அது கடலடிச் சேறு. டைனோசர் தரையில் வாழ்ந்தது. அதனால் மிக மிக அரிதாகத்தான் கிடைக்கும். ஆனால் கிடைத்திருக்கிறது: 1858இல் சார்மத்தில்தான் ஸ்கெலிடோசாரஸ் என்ற, முதுகில் எலும்புக் கவசம் கொண்ட டைனோசர் முதன்முதலில் கண்டெடுக்கப்பட்டது. இறந்து கடலுக்கு அடித்துவரப்பட்ட உடல் அது.

உன் வயதில் அந்தக் கரையில் தேடிய ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்கிறேன். மேரி ஆனிங் 1799இல் பக்கத்து ஊரான லைம் ரீஜிஸில் பிறந்தவர். தந்தை மரச்சாமான் செய்யும் தச்சர். கரையில் பொறுக்கிய கற்களை வெளியூர்க்காரர்களுக்கு விற்று வருமானத்தை ஈடுகட்டினார். 1810இல் அவர் கடனை விட்டுவிட்டு இறந்தபோது மேரிக்குப் பதினோரு வயது. அடுத்த ஆண்டு அவருடைய அண்ணன் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். அதற்குரிய உடலை மேரி தேடி எடுத்தார். அதுதான் அறிஞர்களின் கவனத்தை ஈர்த்த முதல் இக்தியோசார். 1823இல், நீண்ட கழுத்துடைய பிளீசியோசாரின் முழு எலும்புக்கூட்டையும் அவரே கண்டெடுத்தார். அவர் எடுத்துக் கொடுத்தவற்றை வைத்துக் கட்டுரை எழுதியவர்கள் பலர்; அவற்றில் அவர் பெயரைக் குறிப்பிட்டவர்கள் சிலரே. லண்டன் நிலவியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1919இல்; மேரி 1847லேயே இறந்துவிட்டார். அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அவரோடு எப்போதும் டிரே என்ற நாய் போகும். 1833இல் அவர் கண்ணெதிரே, காலடியில் சரிந்த பாறையில் அது சிக்கி இறந்தது. பாட்டி சுவரருகே போகாதே என்றால் ஏன் என்று உனக்கு இப்போது புரியும். லைம் ரீஜிஸில் 2022இல் மேரிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். டிரேயும் கூடவே நடக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வா.

கேள்வி: உலக மரபுச் சின்னமான இடத்திலிருந்து இப்படி அள்ளிக்கொண்டு வருவது திருட்டு ஆகாதா? நம் ஊரில் சாத்தனூர் கல்மரத்தைத் தொடவே விடமாட்டார்களே? – வாசகர், கோயம்புத்தூர்

நேர்மையான கேள்வி. ஏறத்தாழ 155 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கரைப்பகுதியை யுனெஸ்கோ 2001இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்படியிருந்தும் கரையில் உதிரியாகக் கிடப்பவற்றை எடுத்துச் செல்ல அங்கே தடையில்லை. காரணம் எளியது: நீங்கள் எடுக்காவிட்டால் அதே கடல் அவற்றை அரைத்து மணலாக்கிவிடும். அதனால்தான் மேற்கு டார்செட்டில் சேகரிப்போருக்கென்று ஒரு நெறிமுறை வகுத்திருக்கிறார்கள். பாறைச்சுவரைத் தோண்டக் கூடாது. அறிவியலுக்கு முக்கியமான பொருள் கிடைத்தால் சார்மத் மையத்தில் பதிவு செய்ய வேண்டும். அத்தகைய பொருளை விற்பதானாலும் கொடுப்பதானாலும் அருங்காட்சியகங்களுக்கு முதல் வாய்ப்பளிக்க வேண்டும். பொருள் கண்டெடுத்தவருடையதாகவே இருக்கும். வற்புறுத்தலைவிட இணக்கம் நல்ல பலன் தரும் என்பதற்கு இதை நான் சான்றாகக் காண்கிறேன்.

சாத்தனூரின் நிலை வேறு. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டர் நீளமுள்ள அந்தக் கல்மரம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அங்கே அலை இல்லை. விட்ட இடத்தில் அது கிடக்கும். கெடுப்பவர்கள் மனிதர்கள் மட்டுமே. அருகிலுள்ள காரையிலும் மழை அரித்த ஓடைகளில் பெலெம்னைட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கும் கடல் இருந்தது. அங்கே போகிறவர்கள் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி: மகள் இங்கிலாந்திலிருந்து ஓர் அம்மோனைட் படம் அனுப்பினாள். எங்கள் வீட்டுப் பூஜையிலுள்ள சாளக்கிராமத்தின் சக்கரம் போலவே இருக்கிறது. இரண்டும் ஒன்றா? – வாசகர், ஸ்ரீரங்கம்

ஒரே இனம்தான். நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்கள் பல, அம்மோனைட்டையோ அதன் பதிவையோ உள்ளடக்கிய கறுப்பு நிறக் கல் உருண்டைகள். தங்கள் இல்லத்துச் சக்கரம் அந்தச் சுருளின் தடம். சார்மத்தில் கிடைப்பவை அவற்றைவிடச் சில கோடி ஆண்டுகள் மூத்தவை. இமயமலை எழுமுன் அங்கிருந்த டெத்திஸ் கடலின் அடிச்சேற்றில் படிந்தவை மலையோடு உயர்ந்து, இன்று ஆற்றில் உருண்டு வருகின்றன. தலைமுறை தலைமுறையாக நீராட்டிப் பாதுகாத்த கைகளில் அது இருப்பது எனக்கு நிறைவளிக்கிறது.

கேள்வி: கொண்டுவந்த பைரைட் அம்மோனைட்டுகளை எப்படிப் பத்திரப்படுத்துவது? – வாசகர், க்ராய்டன்

இதை நான் இழந்து கற்றேன். முதன்முதலாக எடுத்த பன்னிரண்டு அம்மோனைட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் இட்டுச் சமையலறை அலமாரியில், கெட்டிலின் ஆவி படும் இடத்தில் வைத்திருந்தேன். சில ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது புளிப்பு வாடை அடித்தது. உள்ளே வெளிறிய சாம்பல் பொடியும், பொசுங்கினாற்போல் ஓட்டை விழுந்த பெயர்ச்சீட்டுகளும் மட்டுமே இருந்தன. பைரைட்டிலுள்ள கந்தகம், காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லையும் தின்று காகிதத்தையும் தின்றுவிடுகிறது.

ஆகவே வந்தவுடன் உப்புப் போகும்வரை நல்ல தண்ணீரில், நீரை மாற்றி மாற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் சிறிதும் இல்லாமல் உலர்த்திக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். குளியலறை, சமையலறை இரண்டும் ஆகாது. பெலெம்னைட்டுகளுக்கு இவ்வளவு கவனம் வேண்டியதில்லை.

பெயர்ச்சீட்டைத் தனிப் பிளாஸ்டிக் உறையில் இடுங்கள். எங்கே, சார்மத் கரையில் கடலில் சேரும் சார் ஆற்றுக்கு எந்தப் பக்கம், எந்த நாள், யார் எடுத்தது என்பதைப் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இடம் எழுதப்படாத புதைபடிவத்தால் ஆய்வாளருக்குப் பெரும்பாலும் பயனில்லை. பொடியாகிப் போன அந்தப் பன்னிரண்டைவிட, அவற்றோடு பொசுங்கிய சீட்டுகளுக்காகத்தான் நான் இன்றும் வருந்துகிறேன். அந்த நாள்கள் எவை என்று எனக்கு இப்போது நினைவில்லை.

கேள்வி: எங்களிடம் கார் இல்லை. டார்செட் வெகுதூரம். லண்டனுக்கு அருகே இப்படி இடமில்லையா? – வாசகி, இல்ஃபர்ட்

இருக்கிறது. எசெக்ஸிலுள்ள வால்டன் ஆன் த நேஸுக்கு ரயிலிலேயே போகலாம். அங்குள்ள களிமண் ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. அதிலிருந்து கழுவப்பட்ட சுறாப் பற்கள், கருமையாகப் பளபளத்துக்கொண்டு மணலில் கிடக்கும். சுறாவுக்கு வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் அவை தாராளமாகக் கிடைக்கின்றன. கென்ட்டின் ஷெப்பி தீவுக் கரையிலும் அதே களிமண்தான். அங்கே நிபா பனையின் பழங்கள் கல்லாகிக் கிடைக்கின்றன. இன்றும் இலங்கையின் கழிமுகங்களில் வளரும் அந்தப் பனை, ஒரு காலத்தில் தேம்ஸ் முகத்துவாரத்தில் வளர்ந்திருக்கிறது. எங்கே போனாலும் பாறைச்சுவரும் கடல் நேரமும் பற்றி மேலே சொன்னவை அப்படியே பொருந்தும்.

வால்டனில் களிமண்ணுக்கு மேலே, துருநிறத்தில் ஒரு மணல் அடுக்கு இருக்கிறது. ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் பழமையானது. சிப்பியும் சங்கும் செறிந்தது. சரிந்து கரையில் விழுந்த மணலில் மட்டும் தேடுங்கள். அதில் விரல் நீளத்துக்குச் செம்பழுப்பான ஒரு சங்கு கிடைக்கும். அதன் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கடலில் லட்சத்தில் ஒன்றாக எண்ணிப் போற்றும் வலம்புரியின் சுழற்சி அது; அந்த இனத்தில் அதுவே இயல்பு. எளிதில் நொறுங்கும் என்பதால், முட்டை வாங்கிய அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.